கீல் பக்கத்துக் கம்பி

அக்கா முதல் தடவை வைத்த எழுபத்திரண்டு முட்டைகளில் ஐந்துதான் பொரிந்தன. இரண்டாம் தடவை வைத்து ஒன்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்கு போன் செய்து புதுத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். பழையது கெட்டுவிட்டதென்று மாமா சொல்கிறாராம். அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. என் அக்காவிடம் எப்போதும் இரண்டில் ஒன்றாவது கையிருப்பு இருக்கும்.

மாமா என்றால் அக்காவின் கணவர். கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறவர். கூட வேலை பார்ப்பவர்கள் அவரைக் 'கம்பியார்' என்பார்கள். சுவருக்குள் அவர் இழுக்கும் வயர் எல்லாம் ஒற்றைக்கம்பி. மேலுறையைச் சீவினால் உள்ளே பென்சிலின் கரிக்குச்சி கனத்தில் ஒரே ஒரு செப்புக் கம்பி இருக்கும். நான் மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மேசை விசிறி பழுது பார்ப்பவன். என் கடையில் தொங்குவதெல்லாம் இழை வயர். அதற்குள் தலைமுடி போல மெல்லிய செப்பு இழைகள் முப்பது நாற்பது ஒன்றாக முறுக்கிக் கிடக்கும். அதை வயர் என்று மாமா ஒத்துக்கொண்டதே இல்லை. சவுரி என்பார். என்னைப் பார்த்ததும் சவுரி வியாபாரம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். நான் அவருடையதை வேலிக்கம்பி என்பேன். பதினான்கு வருஷமாக இந்த இரண்டே நகைச்சுவைகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளி வருகிறோம்.

முட்டைகள் இருந்த பெட்டியை நாங்கள் மூவரும் சேர்ந்துதான் உண்டாக்கினோம். என் கடையில் கேஸ் போய்க் கிடந்த பழைய ஃபிரிட்ஜ் அது. குளிரைப் பிடித்து வைக்கிற சுவர் சூட்டையும் பிடித்து வைக்கும். எதை உள்ளே வைக்கிறோம் என்பது சுவருக்குத் தெரியாது. கோழிக்குஞ்சு பொரிக்க முப்பத்தேழரை டிகிரிச் சூடு இருபத்தொரு நாள் விடாமல் வேண்டும். மாமா இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து வயரிங் செய்தார். உள்ளே முட்டைத் தட்டுகளுக்கே இடம் போதாததால், கதவின் உட்புறத்தில், முன்பு தண்ணீர் பாட்டில் நின்ற இடத்தில், நான்கு குண்டு பல்புகளைப் பொருத்தினார். வெளியே பக்கவாட்டில் தெர்மோஸ்டாட். சூடு குறைந்தால் அது பல்புகளை எரிய வைக்கும், கூடினால் அணைக்கும். எரிய வைக்கும்போது அதன் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு வரும். தெர்மோஸ்டாட்டிலிருந்து கதவுக்குப் போகும் வயர் கீல் பக்கமாகச் சென்றது. மனைவிக்குச் செய்கிற வேலையில் கஞ்சத்தனம் கூடாது என்று, ஏசிக்கு இழுக்கிற கனமான ஒற்றைக்கம்பியையே எடுத்துப் போட்டார். அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்த சரக்கு அதுதான்.

மற்ற வேலை எல்லாம் அக்காவுடையது. முட்டையை ஒரே பக்கமாகப் படுக்க விட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கதவைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் புரட்டி வைக்க வேண்டும். புரட்டியது தெரிவதற்காக ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை ஆறு, ஒன்பதரை, மதியம் ஒன்று, மாலை நாலரை, இரவு எட்டு. ஒரு தடவைகூடத் தவறவிட்டவள் இல்லை.

அப்படியும் ஐந்துதான் பொரிந்தன. அவள் ஓயாமல் திறந்து பார்த்ததுதான் காரணம் என்று மாமா முடிவு செய்தார். கதவைத் திறக்கத் திறக்கச் சூடு போகும். கேட்பதற்குப் பொருத்தமான பேச்சுதான். அதைத் தன் அம்மாவிடம் போனில் சொன்னார், முட்டை கொடுத்த அடுத்த தெரு அம்மாவிடம் சொன்னார், என் கடைக்கு வந்தும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் அக்கா கதவைத் திறந்து எட்டிப்பார்க்கிற மாதிரி நடித்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இரண்டாம் தடவைக்கான முட்டைகளை அடுத்த தெரு முட்டைக்காரம்மா பத்து நாளாகச் சேர்த்துக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது, இதுவும் சரிவரவில்லையென்றால் விட்டுவிடம்மா, எல்லோருக்கும் எல்லாம் அமையாது என்று தன்மையாகச் சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால் அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பாள். தன்மையாகச் சொன்னதால் அது உள்ளேயே தங்கிவிட்டது.

நான் தெர்மாமீட்டரோடு போனபோது மணி பத்து. சமையலறைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில், பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பழைய தெர்மாமீட்டர் முப்பத்துமூன்று காட்டியது. புதியதின் வயரைப் பெட்டியின் தலையில் இருந்த காற்றுத் துளை வழியாக உள்ளே இறக்கினேன். ஐந்து நிமிஷத்தில் அதுவும் முப்பத்துமூன்று என்றது. ஆக, தெர்மாமீட்டரின் மேல் குற்றம் இல்லை.

"என் கைதான்டா," என்றாள் அக்கா. "எனக்குக் கைராசி கிடையாது. இது போச்சுன்னா இந்தப் பெட்டிய பழைய இரும்புக்குப் போட்டுடுறேன். நீயும் எனக்காகப் பேச வராத."

மாமா பனியனோடு வந்து நின்றார். சவுரி பற்றிக் கேட்டார். நானும் வேலிக்கம்பிக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிறகு அவர் கதவைத் திறந்து காட்டினார். நான்கு பல்புகளும் பளிச்சென்று எரிந்தன. சிவப்பு விளக்கும் எரிந்தது. கரண்டு வருகிறது, பல்பு எரிகிறது, இதற்குமேல் வயரிங்காரன் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். கதவைச் சாத்தி, மிச்சத்தைச் சொல்லாமல் அக்கா பக்கம் மோவாயை மட்டும் காட்டினார்.

பெட்டியின் மேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. புரட்டும் ஒவ்வொரு தடவையும் அக்கா சூட்டை எழுதி வைத்திருந்தாள். முதல் நான்கு நாளும் எல்லாம் முப்பத்தேழரை. ஐந்தாம் நாள் மதியம் ஒன்றுக்கு முப்பத்தைந்து. நாலரைக்குப் பழையபடி முப்பத்தேழரை. ஆறாம் நாள் ஒரு சரிவு, ஏழாம் நாள் இரண்டு, எட்டாம் நாள் மூன்று. ஒவ்வொரு சரிவுக்கும் பக்கத்தில் 'புரட்டினேன், ஏறிவிட்டது' என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு.

நான் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

"அக்கா, இதைத் திறக்கறதுக்கு முன்னாடி எழுதுவியா, திறந்த அப்புறமா?"

"முன்னாடிதான். திறந்துட்டா வெளிக்காத்து உள்ள போயிடும்ல, அப்புறம் எழுதி என்ன பிரயோஜனம்?"

திறப்பதால் சூடு போகிறது என்றால் எப்படி இருக்க வேண்டும்? மூன்றரை மணி நேரம் மூடிக் கிடந்த பெட்டி நல்ல சூட்டில் இருக்க வேண்டும். திறந்தபின் இறங்க வேண்டும். நோட்டில் இருந்தது தலைகீழ். மூடியிருந்தபோது இறங்கியிருக்கிறது, அவள் திறந்து மூடியபின் ஏறியிருக்கிறது. அப்படியானால் இந்தப் பெட்டியை இத்தனை நாள் ஓரளவாவது காப்பாற்றியது அவள் திறந்து திறந்து பார்த்ததுதான்.

முதலில் பெட்டியின் தலைமேல் இருந்த துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டு. பக்கவாட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றாக நடக்கக் கூடாது. துளை இருட்டாக இருப்பதை அக்காவும் பார்த்திருக்கிறாள். ஆனால் சூடு போதுமானால் தெர்மோஸ்டாட் பல்பை அணைப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டாள். சிவப்பு விளக்கு எரிவதை மாமா பார்த்திருக்கிறார். பல்பு எரிகிறது என்று விட்டுவிட்டார். அந்த விளக்கு சொல்வது அதுவல்ல. 'நான் கரண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்' என்பது மட்டும்தான் அதன் பேச்சு. போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

மாமாவிடம் கதவைத் திறந்து மெல்ல மெல்லச் சாத்தச் சொன்னேன். கண் துளையிலேயே இருந்தது. வெளிச்சம், வெளிச்சம், வெளிச்சம். கதவு சட்டத்தைத் தொட இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போது ஒரு தரம் நடுங்கியது. பிறகு இருட்டு.

அவர் நம்பவில்லை. இடம் மாறி நின்றோம். நான் சாத்தினேன், அவர் பார்த்தார். இன்னொரு தடவை சாத்தச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லவில்லை. துளையிலிருந்து முகத்தை எடுத்து, நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

பழுது பார்க்கிறவரைக்கும் முட்டைகள் என்ன செய்யும் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. அக்கா யோசித்தாள். நாங்கள் ஸ்குரூ டிரைவர் தேடிய நேரத்தில் நான்கு பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றி அடித்தட்டில் வைத்தாள். கதவு எங்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதால், முட்டைத் தட்டுகளுக்கு முன்னால் ஒரு கனத்த போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டாள்.

கீல் பக்கம் போன வயரை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒற்றைக்கம்பிக்கு ஒரு விறைப்பு உண்டு. வளைத்தால் வளைத்தபடி நிற்கும், எதிர்க்கும். கீலுக்கு நேராக ஓர் இடத்தில் மட்டும் எதிர்ப்பே இல்லை. எலும்பு இல்லாத விரல் மாதிரி மடங்கியது. அந்த இடத்தில் மேலுறை கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. மாமாவே கத்தியால் உறையைச் சீவினார். கம்பி இரண்டாக ஒடிந்திருந்தது. முனைகள் இரண்டும் கறுத்து, பொறி பட்டுப் பொடிக்குழிகள் விழுந்திருந்தன. உறைக்குள்ளேயே ஒடிந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கதவு திறந்தால் முனைகள் ஒன்றையொன்று தொட்டன. மூடினால் சில சமயம் தொட்டன, சில சமயம் விலகின. இந்தத் தடவை முதல் நான்கு நாளும் தற்செயலாகத் தொட்டபடியே இருந்திருக்கின்றன. சோதிக்கிறவர் கதவைத் திறந்துதானே சோதிக்க வேண்டும்? திறந்த உடனே அது யோக்கியனாகிவிடும்.

மாமா அந்த முனைகளை வெகுநேரம் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷம் இழுத்திருக்கேன் மச்சான். சுவத்துக்குள்ள ஒண்ணுகூட ஒடிஞ்சதில்ல."

"சுவத்துக்குள்ள அது எங்க மாமா ஆடப்போகுது? படுக்க வச்சா படுத்ததுதான். இது கதவு. தினம் அஞ்சு தடவை எழுப்பிவிட்டா?"

அவர் பையிலிருந்தே அதே ஒற்றைக்கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, உறையைச் சீவி, அங்கும் இங்கும் மடக்கிக் காட்டினேன். ஒரு கம்பியை வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவு அதிகம் இழுபடும். ஒரு தடவை இழுபட்டால் தாங்கும். திருப்பி மடக்கினால் இழுபட்ட பக்கம் நசுங்கும், நசுங்கிய பக்கம் இழுபடும். செம்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விறைத்துப்போய், ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல் விட்டு, அது உள்ளே நடந்துபோகும். என் கையில் இருந்தது இருபத்தாறாவது மடக்கில் 'டக்' என்றது. கீலில் அவ்வளவு கூர்மையாக மடங்கவில்லை. அதனால் முதல் தடவை முட்டை வைத்த இருபத்தொரு நாளில் பாதி வரைக்குமாவது தாங்கியிருக்கும்.

இழை வயரிலும் அதே செம்புதான். மொத்தக் கனம் ஒன்றென்றால் போகிற கரண்டும் ஒன்றுதான். கரண்டுக்கு ஒரு கம்பியா நாற்பது இழையா என்ற வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வளைவுக்குத்தான். மெல்லிய இழை வளையும்போது அதன் வெளிப்பக்கத்துக்கும் உட்பக்கத்துக்கும் இடையே தூரமே இல்லை, அதனால் இழுபடுவதும் நசுங்குவதும் சொற்பம். விறகுக் கட்டையை வளைக்க முடியாது, அதே கனத்துக்குத் துடைப்பக் குச்சிகளைச் சேர்த்துப் பிடித்தால் வளைக்கலாம். முறுக்கி வைத்திருப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முறுக்கினால் எந்த இழையும் முழுக்க வெளிப்பக்கமாகவே இருக்காது. கொஞ்ச தூரம் வெளியே, கொஞ்ச தூரம் உள்ளே என்று பாரத்தை மாற்றிக்கொள்ளும். இஸ்திரிப்பெட்டியின் வயர் வருஷக்கணக்காக ஆடியும் பிழைப்பது இப்படித்தான்.

நான் பேசிக்கொண்டே போயிருப்பேன். மாமா கையைக் காட்டி நிறுத்தி, பையில் சவுரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. என் பையில் அது எப்போதும் இருக்கும்.

பெட்டிக்குள் அசையாமல் கிடந்த ஒற்றைக்கம்பியை அப்படியே விட்டோம். அதற்கு அது சரியான வயர். தெர்மோஸ்டாட்டிலிருந்து கீலைத் தாண்டிக் கதவு வரைக்கும் மட்டும் இழை வயர். அளவாக வெட்டாமல் கொஞ்சம் தொய்வு விட்டு, கீலின் இரு பக்கமும் கட்டி, நடுவே பெரிய வளைவாகத் தொங்கவிட்டேன். வளைவு பெரிதானால் இழுபடுவதும் குறையும். பிறகு வழக்கம் போல, இழைகள் பிரியாமல் இருக்க முனையில் ஈயம் பற்றவைக்க சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணினேன்.

மாமா அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் பழைய களை வந்தது. ஈயம் மிருது, ஸ்குரூவின் கீழே போட்டு இறுக்கினால் நாளாக நாளாக நசுங்கி விலகும், ஸ்குரூ தளர்ந்து அந்த இடம் சூடேறும் என்றார். இவ்வளவு வருஷமாக நான் ரேடியோ வேலையில் கற்ற பழக்கத்தைப் பிளக்கிலும் செய்துவந்தேன்.

"கருகின பிளக்கு எத்தனை பார்த்திருக்கேன் தெரியுமா? முக்கால்வாசி உங்க ஆளுங்க ஈயம் வச்சு அழகு பண்ணினது."

தன் பையில் கிளறி, சின்னச் செப்புக் குழல்கள் நான்கை எடுத்தார். இழைகளைச் சேர்த்து முறுக்கி, குழலுக்குள் விட்டு, இடுக்கியால் நசுக்கி, ஸ்குரூவுக்குக் கீழே செருகி இறுக்கினார். பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"சவுரின்னா கொண்டை ஊசி குத்தணும் மச்சான்," என்றார். நான் ஒத்துக்கொண்டேன். வேறு வழி இல்லை.

அக்கா போர்வையையும் பாட்டில்களையும் வெளியே எடுத்தாள். பிளக்கைச் செருகினோம். கதவைச் சாத்தினோம். துளையில் வெளிச்சம். கதவைப் பத்துத் தடவை திறந்து மூடினோம். வெளிச்சம் நடுங்கவே இல்லை. தெர்மாமீட்டர் மெதுவாக ஏற ஆரம்பித்தது.

அக்கா, கீல் பக்கத்தில் ஒடிந்திருந்த கம்பித் துண்டைத் தரையிலிருந்து எடுத்து மாமாவின் கையில் வைத்தாள்.

"இதை எடுத்துட்டுப் போயி, யார் யார்கிட்ட என் கையைச் சொன்னீங்களோ அவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வாங்க."

மாமா அவசரமில்லை என்கிற மாதிரி தலையாட்டினார். "சொல்றேன். முதல்ல பொரியட்டும்."

"பொரிஞ்சா யாரும் சொல்ல வேண்டாம், அவங்களே பார்த்துக்குவாங்க. பொரியலன்னா? அப்பத்தான் நீங்க சொல்லியிருக்கணும். இன்னிக்கே போங்க."

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். முட்டைக்காரம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாமா பீடிகை போடவில்லை. கம்பியை நீட்டி, "போன தடவை குஞ்சு செத்தது அவ கதவைத் திறந்ததால இல்லங்க. நான் போட்ட கம்பி ஒடிஞ்சதால," என்றார். அந்த அம்மா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இவ்வளவு தடியான கம்பி எப்படி ஒடியும் என்று கேட்டார். மாமா தெருவில் நின்றுகொண்டே விறகுக் கட்டை, துடைப்பக் குச்சி எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினார். அந்த அம்மாவின் துடைப்பத்தையே வாங்கி வளைத்தும் காட்டினார். அக்கா எட்டிப்பார்ப்பது போல நடித்ததைவிட நன்றாகவே செய்தார். அதன்பிறகு ஓரமாகப் போய்த் தன் அம்மாவுக்கு போன் செய்தார். அந்தப் பேச்சில் அவர் பக்கம் 'ம்' என்பதே அதிகம் வந்தது.

நாங்கள் திரும்பியபோது பெட்டி முப்பத்தேழரையில் நின்றிருந்தது. கருக்கள் பிழைத்தனவா என்று பார்க்க, ஜன்னல் இல்லாத குளியலறையில் விளக்கை அணைத்து முட்டையை டார்ச்சின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் மரக்கிளை போலப் படர்ந்திருக்கும், நடுவே ஒரு கறுப்புப் புள்ளி அசையும். நான் அப்போதே பார்க்கத் துடித்தேன். அக்கா விடவில்லை. குளிரில் கிடந்தது எழுந்திருக்க நேரம் கொடு என்றாள். நாலரைக்குப் புரட்டும்போது மூன்று முட்டைகளை எடுத்துக்கொண்டு தானே குளியலறைக்குள் போனாள். வெளியே நாங்கள் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். வந்தவள் மூன்றையும் தட்டில் வைத்து, பெருக்கல் குறி மேலே இருக்கும்படி திருப்பி, கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு ஆடுது. ஒண்ணு யோசிக்குது," என்றாள்.

இருபத்தொன்றாம் நாள் நாற்பத்தாறு குஞ்சுகள் வந்தன. கருவே பிடிக்காதவை பதினொன்று. மிச்சம் பதினைந்தை அந்தச் சரிவுகள் கொண்டுபோயிருக்க வேண்டும். அக்கா அதையும் நோட்டில் எழுதி வைத்தாள். அடுத்த முட்டைகளை முட்டைக்காரம்மா தானே கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றாம் தடவை வைத்த வாரத்தில் ஒரு மதியம் அங்கே போயிருந்தேன். மணி இரண்டரை. புரட்டும் நேரமில்லை. அக்கா சமையலறையிலிருந்து வந்தாள், கதவைத் திறந்தாள், எதையும் தொடாமல் முட்டைகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது. தலையைக் குனிந்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார்.

அக்கா கதவைச் சாத்தினாள். நான் துளையைப் பார்த்தேன். வெளிச்சம் அப்படியே இருந்தது.